7 நாள் பனி, 210 கோடி டாலர் பில்: டெக்சாஸ்ல ஒரு கரன்ட் கூட்டுறவு திவாலான கதை

மாசாமாசம் எங்க கரன்ட் கோஆபரேட்டிவ்ல இருந்து ஒரு மெம்பர் நியூஸ் புத்தகம் வரும். ரெண்டு பக்கத்துக்கு பீக்கன் பை ரெசிபி, யாரோ ஒரு பையனுக்கு ஸ்காலர்ஷிப் குடுத்த போட்டோ, கம்பத்து மேல நிக்கிற லைன்மேன் போட்டோ, வருஷாந்தர மீட்டிங்குக்கு வாங்க சாப்பாடு உண்டுன்னு ஒரு கட்டம். டல்லாஸுக்கு வடக்க வீடு வாங்கி வந்த நாள்ல இருந்து அதை பிரிக்காமலே ரீசைக்கிள் டப்பால போட்டவன் நான். 2021 மார்ச்லதான் முதல் தடவையா கோஆபரேட்டிவ் அனுப்புன ஒரு நியூஸை நின்னு படிச்சேன், அதுவும் மூணு தடவை. எங்க கோஆபரேட்டிவுக்கே கரன்ட் சப்ளை பண்ற பெரிய கோஆபரேட்டிவ் திவால் மனு போட்டுருக்கு, உங்க கரன்ட் நிக்காது, பயப்பட வேண்டாம்னு போட்டிருந்துச்சு. பயப்பட வேண்டாம்னு எழுதி வந்தா நம்ம ஆளுங்களுக்கு அப்பத்தான் பயமே வரும்.

அந்த பெரிய கோஆபரேட்டிவ் பேரு பிராசோஸ் எலக்ட்ரிக் பவர் கோஆபரேட்டிவ். 1941ல ஆரம்பிச்சது, வேகோ ஊர்ல ஹெட் ஆபீஸ். வீடுகளுக்கு நேரா கரன்ட் விக்கிறது இல்ல, அப்ப சொந்தமா கேஸ் பிளான்ட் வச்சு தயாரிச்சும் வெளிய வாங்கியும் 16 சின்ன கோஆபரேட்டிவ்களுக்கு மொத்தமா குடுத்துட்டு இருந்துச்சு. அந்த 16ம் சேர்ந்து டெக்சாஸ்ல 68 கவுன்டிக்கு லைன் இழுத்து வச்சிருக்கு. இங்க ஒரு விஷயத்தை நல்லா புரிஞ்சுக்கணும், ஏன்னா கடைசில பில் யார் தலைல விழுந்துச்சுங்கிறதுக்கு இதுதான் சாவி: சின்ன கோஆபரேட்டிவோட ஓனர் மீட்டர் வச்சிருக்குற நாங்க, பெரிய கோஆபரேட்டிவோட ஓனர் அந்த 16 சின்ன கோஆபரேட்டிவ், ஆக சுத்தி வளைச்சு பிராசோஸோட ஓனரும் நாங்கதான். ஷேர் மார்க்கெட்ல முதலீடு பண்ணின ஆள் நடுவுல ஒருத்தர் கூட கிடையாது.

ஏன் இப்படி ஒரு அமைப்புன்னா அது 1930கள் கதை. அப்ப அமெரிக்க கிராமத்துல பத்து வீட்டுக்கு ஒரு வீட்லதான் கரன்ட். பண்ணை வீடு மைல் கணக்குல தள்ளித்தள்ளி இருக்கும், அவ்வளவு தூரம் கம்பம் நட்டா காசு வராதுன்னு தனியார் கம்பெனிங்க டவுனோட நின்னுட்டாங்க. 1935 மே மாசம் பிரசிடென்ட் ரூஸ்வெல்ட் கிராம மின்மயமாக்கலுக்குன்னு தனி நிர்வாகம் ஒண்ணை போட்டாரு, 1936ல அதுக்கு சட்டமே வந்துச்சு. அரசாங்கம் குறைஞ்ச வட்டிக்கு கடன் குடுக்கும், கம்பம் நட்டு கம்பி இழுத்து கம்பெனி நடத்துறது விவசாயிங்க வேலை. டெக்சாஸ்ல பார்ட்லெட்னு ஒரு சின்ன ஊர், அங்க 1936 மார்ச்ல இந்த திட்டத்துல கரன்ட் வந்துச்சு. இன்னிக்கு நாடு முழுக்க 900 கோஆபரேட்டிவ் போல இருக்கு. லாபம் இருந்தா அது கேபிடல் கிரெடிட்டுன்னு மெம்பர் கணக்குல ஏறும், பல வருஷம் கழிச்சு செக்கா வரும். எனக்கு ஒரு தடவை வந்துச்சு, பெட்ரோல் டேங்க் பாதி நிரம்பும்.

சரி, 2021 பிப்ரவரிக்கு வருவோம்.

அந்த மாசம் 14ம் தேதி ஞாயித்துக்கிழமை ராத்திரி எல்லாரும் பாத்திரத்துல தண்ணி பிடிச்சு வச்சுட்டு, பைப் உறைஞ்சு வெடிக்காம இருக்க குழாயை சொட்டுசொட்டா திறந்து விட்டுட்டு படுத்தோம். விடியக்காலை ரெண்டு மணி இருக்கும், முழிப்பு வந்துச்சு, சத்தம் கேட்டு இல்ல, சத்தம் நின்னு போனதால. ஹீட்டர் ஃபேன் சத்தம் இல்லாத வீடு எவ்வளவு அமைதியா இருக்கும்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுச்சு. காலைல ஊர்ல இருந்து அப்பா வீடியோ கால், பீனிக்குல்லா போட்டுக்கிட்டு போர்வைக்குள்ள உக்காந்துருக்குற என்னைப் பாத்து, ஏம்பா அங்கயுமா கரன்ட் கட்டு, நம்ம ஊர்ல கூட ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவைன்னு சொல்லித்தான் பிடுங்குவாங்கன்னாரு. 2012 வாக்குல தமிழ்நாட்டு மின்வெட்டுல வாழ்ந்த மனுஷன், அனுபவஸ்தர். அவர் சொன்னது தமாஷா இருந்தாலும் கரெக்டான பாயின்ட். எங்களுக்கும் சுழற்சி முறைல கட் பண்ணுவோம்னுதான் சொன்னாங்க, சுழலவே இல்ல. எதிர்ப்பக்கத் தெருவுல விளக்கு எரியுது, எங்க தெரு இருட்டு. ஆஸ்பத்திரி, தீயணைப்பு நிலையம் மாதிரி முக்கியமான இடம் இருக்குற ஃபீடரை, அதாவது ஒரு ஏரியாவுக்கு கரன்ட் கொண்டு போற லைனை, தொட முடியாது, அந்த ஃபீடர்ல இருக்குறவன் அதிர்ஷ்டசாலி. கட் பண்ண வேண்டிய அளவு அவ்வளவு பெருசா இருந்ததால, மிச்சம் இருந்த ஃபீடரையெல்லாம் அணைச்சது அணைச்சபடியே விட வேண்டியதாயிருச்சு. 16ம் தேதி டல்லாஸ் ஏர்போர்ட்ல பதிவானது மைனஸ் 19 டிகிரி செல்சியஸ், 1949க்கு அப்புறம் இவ்வளவு குளிர் இந்த ஊர் பாத்ததில்ல.

நாங்க போர்வைக்குள்ள இருந்தப்ப கன்ட்ரோல் ரூம்ல என்ன நடந்துச்சுன்னு அப்புறம் வந்த ரிப்போர்ட்ல படிச்சா முதுகு சில்லுங்குது. டெக்சாஸ் மாநிலத்தோட லோடுல 90 சதவீதத்தை பாத்துக்குறது எர்காட்னு ஒரு அமைப்பு, பக்கத்து மாநிலங்களோட பெருசா இணைப்பு இல்லாத தனித்தீவு கிரிட். அவசரத்துக்கு கடன் வாங்க பக்கத்து வீடே கிடையாது. கிரிட்டோட ஃப்ரீக்வன்சி 60 ஹெர்ட்ஸ்ல நிக்கணும். 15ம் தேதி விடியக்காலை பிளான்ட் ஒண்ணுமேல ஒண்ணா விழ, 59.4க்கு கீழ இறங்கி 59.3 கிட்ட போயிருச்சு, அங்க 4 நிமிஷம் 23 செகண்ட் இருந்துச்சு. 9 நிமிஷம் இருந்திருந்தா மிச்ச பிளான்ட் எல்லாம் தன்னைக் காப்பாத்திக்க தானாவே கழண்டிருக்கும், அப்புறம் மாநிலம் முழுக்க இருட்டு, திரும்ப உயிர் கொண்டுவர எத்தனை வாரமோ. அதனால ஆபரேட்டருங்க லோடை வெட்டினாங்க, உச்சத்துல 20,000 மெகாவாட். வெட்டினது தப்புன்னு நான் சொல்லவே மாட்டேன், அந்த நாலு நிமிஷத்துல அதைச் செஞ்சவங்களுக்கு கும்பிடு போடணும்.

ஏன் பிளான்ட் விழுந்துச்சுன்னு அன்னிக்கு டிவில, கரன்ட் தயாரிக்கிற காத்தாடி உறைஞ்சு போச்சு காத்தாடி உறைஞ்சு போச்சுன்னு கத்திட்டு இருந்தாங்க. காத்தாடியும் உறைஞ்சுச்சுதான், ஆனா பெரிய அடி கேஸ்ல. கேஸ் கிணத்து வாயில தண்ணி உறைஞ்சு கேஸ் வரத்து குறைஞ்சுச்சு, பிளான்ட்ல சென்சர் லைன் உறைஞ்சுச்சு, இதுக்கு மேல ஒரு கூத்து, கேஸ் பிராசஸ் பண்ற சில இடங்கள் முக்கியமான லோடுன்னு யாருமே பதிஞ்சு வைக்காததால லோடு வெட்டுனப்ப அவங்க கரன்ட்டும் போச்சு. கரன்ட் இல்லாததால கேஸ் இல்ல, கேஸ் இல்லாததால கரன்ட் இல்ல. 2011 பிப்ரவரிலயும் இதே மாதிரி குளிர் வந்து இதே மாதிரி கட் ஆகி, குளிருக்கு பிளான்ட்டை தயார் பண்ணுங்கன்னு மத்திய அமைப்புங்க ரிப்போர்ட் குடுத்திருந்துச்சு. பத்து வருஷம் அலமாரில இருந்துச்சு. மாநில அரசோட கணக்குப்படி இந்த குளிர்ல செத்தவங்க 246 பேர். பில்லைப் பத்தி பேசப்போறதால இந்த எண்ணை நாம தாண்டிப் போயிடக் கூடாது.

இப்ப பில். இதுதான் கதையோட நடு.

டெக்சாஸ்ல மொத்த வியாபார கரன்ட் மார்க்கெட்ல சாதாரண நாள்ல ஒரு மெகாவாட்-அவர், அதாவது ஆயிரம் யூனிட், 20, 30 டாலர்தான். பற்றாக்குறை வந்தா ஏறும், உச்சவரம்பு அப்ப 9,000 டாலர். விலை ஏறினா மூடி வச்ச பிளான்ட்டை எல்லாம் திறந்து விக்க ஓடி வருவாங்க, ஃபேக்டரிக்காரன் மெஷினை நிறுத்துவான், அதுதான் லாஜிக். 15ம் தேதி என்ன ஆச்சுன்னா, லட்சக்கணக்கான வீட்டை வெட்டிட்டதால டிமாண்ட் குறைஞ்ச மாதிரி சாஃப்ட்வேருக்கு தெரிஞ்சு விலை 1,200 டாலர் பக்கம் இறங்கிருச்சு. மாநிலத்துல கரன்ட் விதிகளை பாத்துக்குற பப்ளிக் யூட்டிலிட்டி கமிஷன் அன்னிக்கு சாயங்காலம் கூடி, பற்றாக்குறை இவ்வளவு இருக்கும்போது இந்த விலை தப்பு, உச்சத்துல வையுங்கன்னு ஆர்டர் போட்டாங்க. 15ம் தேதி ராத்திரில இருந்து 19ம் தேதி காலை 9 மணி வரைக்கும் 9,000லயே ஆணி அடிச்ச மாதிரி நின்னுச்சு.

9,000ன்னா என்னன்னு வீட்டு கணக்குல பாருங்க. ஒரு யூனிட் 9 டாலர். நாங்க சாதாரணமா குடுக்குறது 11, 12 சென்ட். ரெண்டு கிலோவாட் ஓடுற ஒரு சின்ன வீடு 80 மணி நேரத்துக்கு 160 யூனிட், 1,440 டாலர். நாலு நாளைக்கு. கரன்ட்லயே சூடு பண்ற ஹீட் ஸ்ட்ரிப் போட்ட முழு எலக்ட்ரிக் வீடுன்னா இதுக்கு ரெண்டு மடங்கு மூணு மடங்கு ஆகும். கிரிடின்னு ஒரு கம்பெனி மாசம் 9.99 டாலர் வாங்கிக்கிட்டு மார்க்கெட் விலையை அப்படியே வாடிக்கையாளர் தலைல விட்டுச்சு, அவங்களுக்கெல்லாம் ஆயிரக்கணக்குல பில் வந்து டிவில நாறிச்சு, மார்ச் நடுவுல அந்த கம்பெனியே திவால் மனு போட்டுச்சு. நம்ம கோஆபரேட்டிவ்ல நல்லவேளை அப்படி இல்ல, ரேட்டு ஃபிக்ஸ்டுன்னு ஆபீஸ்ல ஒரு நண்பர் சொன்னப்ப நானும் தலையாட்டினேன். ரெண்டு பேருமே தப்பு. அதே விலை எங்களுக்கும் ஓடிட்டுதான் இருந்துச்சு, மீட்டர் எங்க வீட்ல இல்ல, வேகோல ஓடுச்சு.

பிராசோஸுக்கு தன் பிளான்ட்ல வந்ததும் முன்கூட்டியே கான்ட்ராக்ட் போட்டதும் பத்தல, மிச்சத்தை மார்க்கெட்ல வாங்கியே தீரணும். வேண்டாம்னு சொல்ல முடியாது, ஏன்னா 16 கோஆபரேட்டிவுக்கும் வேணுங்கிறதை குடுக்குறேன்னு ஒப்பந்தம். ஏழு நாளைக்கு எர்காட் போட்ட பில் 210 கோடி டாலருக்கு மேல. 2020 வருஷம் முழுக்க, பன்னண்டு மாசத்துக்கும் சேர்த்து, மெம்பர்களுக்கு கரன்ட் குடுக்க பிராசோஸுக்கு ஆன மொத்தச் செலவு 77.4 கோடி டாலர். ஒரே வாரத்துல ரெண்டே முக்கால் வருஷச் செலவு! அதையும் எத்தனை நாள்ல கட்டணும்? சில நாள்ல. இங்க டைம் பாருங்க, மார்க்கெட் காசை நாள் கணக்குல கேக்குது, கோஆபரேட்டிவ் அதை மெம்பர்கிட்ட மாசாமாச பில்லுல தான் வசூல் பண்ண முடியும். ஏ, ஏ பிளஸ்னு நல்ல கடன் ரேட்டிங்கோட பிப்ரவரி ஆரம்பத்துல தெம்பா இருந்த நிறுவனம், 25ம் தேதி இது எங்க சக்திக்கு மீறின நிகழ்வுன்னு எர்காட்டுக்கு லெட்டர் குடுத்துட்டு, மார்ச் 1ம் தேதி ஹூஸ்டன் கோர்ட்ல சாப்டர் 11ங்கிற திவால் மனு போட்டுருச்சு. இந்த பேரழிவை மெம்பர்ங்க தலைல கட்ட மாட்டோம்ங்கிறதுதான் அவங்க சொன்ன காரணம்.

இந்த முடிவை அப்ப நிறைய பேர் ஓடி ஒளியுறதுன்னு திட்டினாங்க. நான் அப்படி பாக்கல. கட்ட ஒத்துக்கிட்டிருந்தா 16 கோஆபரேட்டிவும் ஒரு வீட்டுக்கு பல நூறு டாலர்னு உடனே பிரிச்சிருக்கணும், அதுவும் பைப் வெடிச்சு சுவர் பெயர்ந்து கிடக்குற ஜனங்ககிட்ட. சாப்டர் 11ல வசூல் நடவடிக்கை எல்லாம் தானா நிக்கும், லைட் எரியும், கணக்கை மெதுவா பேசலாம். டைம் வாங்கினாங்க, அவ்வளவுதான், அது ஒண்ணும் சின்ன விஷயம் இல்ல.

இன்னொரு பக்கமும் இருக்கு. பிராசோஸ் கட்டலைன்னா எர்காட்டுக்கு நஷ்டமான்னா இல்ல, எர்காட் ஒரு கல்லாப்பெட்டி மாதிரி, வாங்குறவன்கிட்ட வாங்கி விக்கிறவன்கிட்ட குடுக்கும், சொந்தமா பெருசா காசு கிடையாது. ஒருத்தன் கட்டலைன்னா விக்கிறவனுக்கு அவ்வளவு குறையும், அப்புறம் மார்க்கெட்ல இருக்குற எல்லார்கிட்டயும் கொஞ்சம் கொஞ்சமா பிரிச்சு ஈடு கட்டணும், அதுக்கு அப்ப இருந்த வரம்பு மாசம் 25 லட்சம் டாலர். பிராசோஸ் பாக்கி 190 கோடி பக்கம். வகுத்துப் பாருங்க, 63 வருஷம். என் பேரன் ரிட்டயர் ஆகுற வயசுல முடிஞ்சிருக்கும். விக்க வேண்டிய கரன்ட்டை வித்துட்டு காசு வராம நின்னவங்கள்ல வேற ஊர் மக்களோட நகராட்சி கம்பெனியும் கோஆபரேட்டிவும் கூட உண்டு. ஆக நாங்க கட்டாத காசு இன்னொரு ஊர் மெம்பரோட காசு.

9,000 சரியா தப்பான்னு ஒரு பெரிய சண்டை. லோடு வெட்டுறது 17ம் தேதி நள்ளிரவுக்கு முன்னாடியே முடிஞ்சிருச்சு, ஆனா விலை 19 காலை வரைக்கும் அங்கயே நின்னுச்சு, கிட்டத்தட்ட 32 மணி நேரம் தேவையில்லாம. மார்க்கெட்டை கண்காணிக்கிற போடோமாக் எகனாமிக்ஸ் மார்ச் முதல் வாரம் கமிஷனுக்கு லெட்டர் போட்டு, இதனால 1,600 கோடி டாலர் அதிகமா ஏறியிருக்கு, திருத்துங்கன்னாங்க. அந்த 1,600ம் அப்படியே கை மாறின காசுன்னு எடுத்துக்காதீங்க, விக்கிறவனும் வாங்குறவனும் ஒரே கம்பெனியா இருந்தா ஒண்ணுக்கொண்ணு கழிஞ்சு போயிரும். ஆனாலும் தொகை சின்னது இல்ல. கமிஷன் திருத்தமாட்டோம்னுருச்சு, முடிஞ்ச வியாபாரத்துல கை வச்சா யார் யாரோ பாதிக்கப்படுவாங்கன்னு. அந்த மாசத்துல கமிஷன்ல இருந்த மூணு பேரும் ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா ராஜினாமா, எர்காட் தலைவரையும் அவங்க போர்டே அனுப்பிருச்சு. விலை ஆர்டர் செல்லாதுன்னு 2023ல ஆஸ்டின்ல இருக்குற அப்பீல் கோர்ட் சொல்லுச்சு, 2024 ஜூன்ல டெக்சாஸ் சுப்ரீம் கோர்ட் அதை மாத்தி செல்லும்னுருச்சு.

என் அபிப்பிராயம் கேட்டீங்கன்னா, விலை ஏறினா சரக்கு வரும்ங்கிறது உறைஞ்சு போன கிணத்துக்கு புரியாது. 9 டாலர் குடுத்தாலும் 90 டாலர் குடுத்தாலும் ஐஸ் உருகினாத்தான் கேஸ் வரும். இருட்டுல உக்காந்திருந்த எனக்கு ஸ்விட்சே இல்ல, எதை அணைச்சு டிமாண்டை குறைக்கிறது?

பிராசோஸ் வழக்கு 2022 பிப்ரவரில விசாரணைக்கு வந்து, நடுவுலயே சமரசம் பேசப் போயி, நவம்பர்ல கோர்ட் ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் குடுத்துச்சு. எர்காட்டுக்கு போகப்போறது மொத்தமா ஏறக்குறைய 140 கோடி டாலர், பெரும்பகுதி உடனே, மிச்சம் வருஷாவருஷம் தவணை. 190 கேட்ட இடத்துல 140. அதுக்கு பிராசோஸ் குடுத்த விலை, தன் கேஸ் பிளான்ட்டுகளை வித்துடணும். உற்பத்தி தொழிலையே விட்டுட்டு கம்பி வேலையோட நிக்கணும்னு முடிவாச்சு. எண்பது வருஷமா சேர்த்த சொத்து, விவசாயிங்க கடன் வாங்கி கட்டினது, ஏழு நாள் பனிக்கு போச்சு. நியாயமான டீல்தான்னு மூளை சொல்லுது, மனசு கேக்கல.

இதே நேரத்துல ராக்வால் பக்கத்துல ரேபர்ன் எலக்ட்ரிக்னு இன்னொரு கோஆபரேட்டிவ், நாலு மெம்பர் கோஆபரேட்டிவுக்கு சப்ளை பண்றது, அதுக்கும் பயங்கர அடி. அவங்க கோர்ட்டுக்கு போகல. கோஆபரேட்டிவ்கள் இந்த மாதிரி நஷ்டத்தை பாண்ட், அதாவது கடன் பத்திரமா மாத்தி பல வருஷத்துல கட்டலாம்னு டெக்சாஸ் 2021லயே ஒரு சட்டம் போட்டுச்சு, அதை வச்சு 2022ல 90 கோடி டாலருக்கு மேல பாண்ட் வித்து சமாளிச்சுட்டாங்க. பாண்ட் முடியிற வரைக்கும் மெம்பர் பில்லுல ஒரு கட்டணம் ஒட்டிக்கிட்டு வரும். 2021ல பிறந்தே இருக்காத குழந்தை வேலைக்குப் போயி தனி வீடு எடுத்து மீட்டர் வச்சாலும் அந்த பனிக்கு ஒரு பங்கு கட்டும்.

ரெண்டு வழியும் வேற வேற மாதிரி தெரியும், போய்ச் சேர்ற இடம் ஒண்ணுதான். தனியார் கம்பெனியா இருந்தா ஷேர்ஹோல்டர் நஷ்டப்படுவான், பாங்க் நஷ்டப்படும். கோஆபரேட்டிவ்ல அப்படி விழுந்து கிடக்க ஒரு இடமே இல்ல, லாபம் வந்தா உங்க கணக்குன்னு சொல்ற அதே விதி நஷ்டத்துக்கும். கம்பெனியை மாத்திக்கவும் முடியாது, டெக்சாஸ்ல கரன்ட் கடையை இஷ்டம்போல மாத்துற வசதி 2002ல வந்தப்ப பெரும்பாலான கோஆபரேட்டிவ் அதுல சேரல. சேராததால கிரிடி மாதிரி கூத்து எங்களுக்கு இல்ல, அதையும் சொல்லணும். போர்டுல யார் உக்காரணும்னு ஓட்டு போடுற உரிமை மட்டும் கைல இருக்கு, ஒரு மெம்பருக்கு ஒரு ஓட்டு, மாளிகைக்காரனுக்கும் டிரெய்லர் வீட்டுக்காரனுக்கும் அதேதான், அந்த பேலட்டைத்தான் நான் ரெசிபியோட சேர்த்து ரீசைக்கிள்ல போட்டுட்டு இருந்தேன்.

அதுக்கப்புறம் கொஞ்சம் மாறிருக்கு. பிளான்ட்டுங்களை குளிருக்கு தயார் பண்றது கட்டாயம்னு சட்டம் வந்துச்சு, விலை வரம்பு 2022 ஜனவரில இருந்து 5,000. அதுவும் யூனிட்டுக்கு 5 டாலர், சந்தோஷப்பட ஒண்ணும் இல்ல.

அதனால இப்பல்லாம் புத்தகம் வந்தா முதல்ல கடைசிப் பக்கத்துல இருக்குற கணக்கை பாக்குறேன், பவர் காஸ்ட்டுன்னு ஒரு வரி இருக்கும். இந்த வருஷ மீட்டிங்குக்கு போகப்போறேன், ஓசி சாப்பாடும் சாப்பிடத்தான் போறேன், மைக் குடுத்தா ஒரே ஒரு கேள்வி எழுதி வச்சிருக்கேன்: அடுத்த பிப்ரவரில மைனஸ் 19 வந்தா, நமக்கு வேண்டிய கரன்ட்ல எத்தனை சதவீதம் விலை பேசி முடிச்சது, எத்தனை சதவீதம் அன்னிக்கு மார்க்கெட்ல போய் வாங்கப்போறோம்?